சைனாக்கார டாக்டர் சொல்லாத தீர்ப்பு

என் வயசுக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது. மண்ணரைப் பக்கம் லைன் வீடுகளில் பிறந்து, பனியன் துணி பின்னுகிற வட்ட மிஷின் சத்தத்தில் தூங்கி வளர்ந்து, இப்போது முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அஞ்சாப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள் நான். இன்றைக்கு என் பனியன் கம்பெனியில் நாலு பவர்டேபிள், நாலு வரிசைத் தையல் மிஷின், ஓடுகிறது. வெள்ளைக்காரன் ஆர்டர் கொடுக்க வந்தால் என் எதிரில் உட்கார்ந்துதான் டீ குடிப்பான். துணியை இரண்டு விரலால் தடவி எடை சொல்வேன். தராசில் வைத்துப் பார்த்தால் நான் சொன்னதுதான் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான், இருக்கட்டும்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் டேபிளைச் சுற்றிப் பசங்கள் கூட்டமாக நின்றார்கள். ஒடிசாக்காரப் பையன் ஒருவன் ஃபோனைச் சாய்த்து வைத்திருந்தான். அதில் ஒரு சீனத்துப் பெரியவர், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி மெல்ல மெல்லக் கையைச் சுற்றினார். எதிரில் ஒரு மொட்டைத் தலையன். மணி அடித்தது. பத்து எண்ணுவதற்குள் பெரியவர் தரையில் கிடந்தார். பசங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"குங்ஃபூ எல்லாம் சும்மா டான்ஸுங்க மேடம், நெஜ சண்டைக்கு ஆகாது" என்றான் எங்கள் சூப்பர்வைசர்.

"எந்தக் குங்ஃபூ?" என்றேன் நான்.

விட்டேனா? டிபன் பாக்ஸை ஓரமாக வைத்துவிட்டு ஆரம்பித்தேன். சீனாவில் வடக்கத்தி ஆட்டம் வேறு, தெக்கத்தி ஆட்டம் வேறு. வடக்கே காலை நம்புவான். எட்டத்தில் நின்று உதைப்பான். தெக்கே கையை நம்புவான்; காலை நட்டுவைத்துக்கொண்டு மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் நின்று குத்துவான். புலி ஆட்டத்துக்கு முன்கை பலம் வேண்டும். கொக்கு ஆட்டத்துக்குத் தூரம் வேண்டும், நெருங்கிவிட்டால் கொக்கு செத்தது. பாம்பு ஆட்டத்துக்கு விரல் நுனி வேண்டும், குறி வைப்பது கண்ணும் தொண்டையும். கும்பிடுபூச்சி ஆட்டக்காரன் எதிரியின் கையைக் கொக்கி போட்டு இழுத்து, அவன் வேகத்தாலேயே அவனைக் கவிழ்ப்பான். குடிகார ஆட்டம் இருக்கிறது, தள்ளாடித் தள்ளாடி ஏமாற்றுவது. நீ பார்த்த பெரியவர் ஆட்டம் வேறு ஜாதி, அது எதிராளி தள்ளினால்தான் வேலை செய்யும், தள்ளாதவனிடம் அது என்ன பண்ணும் என்றேன்.

பசங்களுக்குச் சோறு ஆறிப்போனது. "மேடம், இதெல்லாம் எங்கீங்க படிச்சீங்க?" என்றான் ஒருத்தன்.

"படிச்சாத்தானே கண்ணு" என்றேன்.

எங்கே தெரிந்துகொண்டேன் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். அதில் ஒரு மனிதருடைய பேர் கெட்டுக் கிடக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்தால் இன்றும் நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கிறீர்கள். "சைனாக்காரன் புலின்னு தப்பாச் சொல்லிப் பசங்களை மூட்டி விட்டானே" என்கிறீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன்.

எனக்குப் பதினொரு வயசு. அந்தக் கோடையில் எங்கள் ஊர் தியேட்டரில் ஒரு சீனத்துச் சண்டைப் படம் வந்து, போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. என் அத்தை அங்கே பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கிழிக்கிறவள். பள்ளிக்கூடமும் நின்றுவிட்டதால் பகல் ஆட்டம் முழுக்க எனக்கு அங்கேதான் பொழுது. அத்தை என்னைச் சுவரோரம் மணலில் உட்காரவைத்து, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தக் கண்றாவி? கண்ணை மூடிக்க" என்பாள். கண்ணை மூடுவதா? இமைக்கவே மறந்துபோகும் எனக்கு.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா அந்தச் சத்தம்? ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தால் வருமே, அந்த மாதிரி ஒவ்வொரு குத்துக்கும். பீடிப் புகை வெளிச்சக் குழாய்க்குள் சுருண்டு சுருண்டு போகும். திரையில் ஒரு மனுஷன் நிற்பான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவன் மனுஷனாக இருக்கமாட்டான். தோள் இறங்கும், கழுத்து நீளும், விரல் மடியும், புலி வந்து நிற்கும். இன்னொருத்தன் ஒற்றைக் காலில் எழும்பினால் கொக்கு. அவர்கள் பேசுகிற பாஷை ஒரு சொல் புரியாது. புரிய வேண்டிய அவசியமே வரவில்லை. சாமி வந்து ஆடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே சாமி தானாக வந்து இறங்கும். இவர்கள் வேண்டும்போது வரவழைத்தார்கள், போதும் என்றால் அனுப்பிவைத்தார்கள். மனுஷ உடம்புக்குள் இத்தனை இருக்கிறதா என்று எனக்கு மயிர்க்கூச்செறியும். வெளியே வந்தால் வெயிலில் கண் கூசும். என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

சும்மா பார்த்துவிட்டு வருகிறவள் இல்லை நான். அண்ணன் கட்டிங் டேபிளில் துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டித் துண்டு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டேன். எங்கள் ஊட்டில் அலமாரிக்குப் பின்பக்கச் சுவரில் புலிக்குப் பாதம், கொக்குக்கு அலகு, பாம்புக்குச் சுருள், கும்பிடுபூச்சிக்குக் கொக்கி என்று படம் வரைந்து, எந்த ஆட்டக்காரன் எத்தனை பேரைச் சாய்த்தான் என்று கோடு கிழித்தேன். தினமும் ஒரே படம்தானே, தப்பு வராமல் சரிபார்த்தேன். புலிக்குத்தான் கோடு அதிகம். பாம்புக்குப் பாதிகூட இல்லை. ஆகவே புலிதான் ஒசத்தி. அசைக்க முடியாத முடிவு.

அந்தப் படத்தில் புலி ஆட்டம் ஆடியவன்தான் கதாநாயகன் என்பதும், கதாநாயகன் எந்த ஆட்டம் ஆடினாலும் அதற்குத்தான் கோடு விழும் என்பதும் எனக்குத் தோன்ற இன்னும் நாலைந்து படம் பார்க்கவேண்டியிருந்தது.

ஊரில் வாலிபப் பசங்களுக்கும் அந்தக் காய்ச்சல் பிடித்துவிட்டது. என் அண்ணனுக்குப் பதினெட்டு வயசு. கட்டிங்கில் கத்தரி பிடிக்கிறவன். கைச்சுத்தமான வேலைக்காரன் என்று பேர் வாங்கியவன். அவன் தலைமையில் எட்டுப் பேர் சேர்ந்து புலி செட்டு. எதிர்த்தாற்போல் பாம்பு செட்டு. அதற்குத் தலைவர் ஒரு தெக்கத்தி டெய்லர், திருநெல்வேலிப் பக்கம் இருந்து பிழைக்க வந்தவர். ஒல்லியான ஆள். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் விரல் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. பாம்பு ஆட்டத்துக்கு அந்த விரலே போதும் என்று அவர் ஆட்கள் சொல்வார்கள்.

இரண்டு செட்டும் பழகியது பிளீச்சிங் பட்டறைக்குப் பின்னால், துணி காயப்போடுகிற வெட்டவெளிக் காட்டில். வரிசை வரிசையாகக் கம்பம் நட்டுக் கயிறு கட்டி, வெளுத்த பனியன் துணியைக் குழாய் குழாயாகத் தொங்கவிட்டிருப்பார்கள். காற்றில் அது மொத்தமாக எழும்பி அடங்கும். பிளீச்சிங் வாசனை மூக்கில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை அங்கே காவலுக்கு ஆள் இல்லை. ஒரு காடு, இரண்டு செட்டு. சண்டை வராமல் இருக்குமா?

முதலில் வாய்தான்.

"ஏ தம்பி, புலி கோயில் கொடைக்கு வேசங்கட்டி ஆடுததுக்குத்தாம்டே லாயக்கு" என்றார் டெய்லர்.

"ஏனுங்க பாம்புக்காரரே, மகுடி வாங்கியாரட்டுங்களா? ரெண்டு ஊது ஊதுனா நீங்க பொட்டிக்குள்ள போய்ப் படுத்துக்குவீங்க" என்றான் அண்ணன். எங்கள் ஊரில் வம்புக்கு இழுத்தாலும் 'ங்க' போடாமல் இழுக்கமாட்டோம்.

அது முற்றிப்போய், அடுத்த ஞாயிறு இரண்டு தலைவர்களும் மோதுவது, தோற்ற செட்டு காட்டை விட்டுவிட்டு, ஜெயித்தவரை வாழ்நாள் முழுக்க 'மாஸ்டர்' என்று கூப்பிடுவது என்று பேச்சாகிவிட்டது.

எல்லாருக்கும் முன்னால் அண்ணன் மீசையைத் தடவினான். ஊட்டுக்கு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அம்மிணி, எனக்குக் கையிதான் சோறு. கத்தரி புடிக்கிற விரலு ஒண்ணு ஒடிஞ்சாலும் ஊட்டுல அடுப்பு எரியாது. பாம்புதான் பெருசுன்னா நான் போகல. வவுத்து வலின்னு படுத்துக்கறேன். யாருக்காச்சும் நெசமாத் தெரிஞ்சிருக்குமா?"

என் சுவரைக் காட்டினேன். "அது சினிமாக் கணக்கு. நெசக் கணக்கு வேணும்" என்றான்.

நெசக் கணக்குக்கு ஊரில் ஒரே ஆள்தான். சைனாக்கார டாக்டர்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அவருடைய பல் ஆஸ்பத்திரி இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ரோஸ் நிற ஈறோடு பல்செட்டுகள் சிரித்துக்கொண்டிருக்கும். அவருடைய அப்பா காலத்திலேயே வந்து தங்கிவிட்ட குடும்பம். நம்மைப் போலவேதான் பேசுவார். ஆனால் முகம் சினிமாவில் வருகிற முகம். எங்களுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? பல் ராவுகிற மிஷினைத் தையல் மிஷின் மாதிரி காலால் மிதித்து ஓட்டுவார். அது வடக்கத்தி கால் பலம் என்றோம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது முழங்கை அசையாது, மணிக்கட்டு மட்டும் ஒரு சுற்று சுற்றும். அது தெக்கத்தி கைப் பலம் என்றோம். குறிப்பிட்ட நாள் தவறாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வருவார். போலீசுக்கு ரகசியமாக அடிமுறை சொல்லிக்கொடுக்கிறார் என்று நாங்களே முடிவுகட்டியிருந்தோம். பாஸ்போர்ட் வேறு தேசத்தது என்பதால், இங்கேயே பிறந்த மனுஷன் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் சொல்லவில்லை.

"சைனாக்காரர்கிட்ட நான் கேட்டு வாங்கிட்டு வாரேன். எனக்குச் சொல்லுவாரு" என்று செட்டுக்கு முன்னால் அளந்துவிட்டேன். எட்டுப் பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கப்புறம் அப்படி ஒரு மரியாதை எனக்குக் கிடைக்க இருபது வருஷம் ஆனது.

போனேன். யாரும் இல்லாத நேரம். அவர் கிண்ணத்தில் கொறடுகளைப் போட்டு அலசிக்கொண்டிருந்தார்.

"பல்லு வலியா கண்ணு?"

"இல்லீங்க. புலி ஆட்டம் பெருசுங்களா, பாம்பு ஆட்டம் பெருசுங்களா?"

அவர் திரும்பி என்னை முழுசாகப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். சிரித்தார். "எனக்கு என்ன தெரியும் அம்மிணி? நானும் உங்களாட்ட டிக்கெட் வாங்கிப் படம் பாக்கிறவன்தான். எனக்குத் தெரிஞ்சது முப்பத்திரெண்டு பல்லு. அதுல சந்தேகம் இருந்தா கேளு."

"பொய்யுங்க. உங்களுக்குத் தெரியும்."

"தெரியாது கண்ணு. தெரியாததைச் சொல்லப்படாது."

வெளியே வந்தேன். தெருமுனையில் புலி செட்டு மொத்தமும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது. அண்ணன் முகம் வெளுத்திருந்தது. அவனுக்கு ஒரு சொல் வேண்டும். எட்டுப் பேருக்கும் ஒரு சொல் வேண்டும். 'தெரியாதாம்' என்று போய் நிற்க என்னால் முடியாது. சுவரில் இருந்த கோடுகள் கண்முன் வந்தன. நான்தான் சரியாக எண்ணியிருக்கிறேனே!

"புலின்னுட்டாருங்க" என்றேன். "பாம்பு எட்டத்துல நிக்கிற வரைக்கும்தானாம். புலி உறுமிட்டு உள்ள பூந்தா பாம்புக்கு வழி இல்லையாம்."

உறுமுவதை நான்தான் சேர்த்தேன். படத்தில் அவன் உறுமுவான். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அண்ணன் முகத்தில் ரத்தம் திரும்பியது. என்னைத் தூக்கிச் சைக்கிள் கம்பியில் உட்காரவைத்து ஊடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே காடு நிறைந்துவிட்டது. உங்களில் எத்தனை பேர் அன்றைக்கு அங்கே நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் தெக்கத்தி ஆட்கள். நடுவில் வெள்ளைத் துணி எழும்பி அடங்கியது. வெயில் அதில் பட்டு எல்லார் முகமும் வெளிச்சமாக இருந்தது.

டெய்லர் சட்டையைக் கழற்றாமலே வந்தார். வணக்கம் வைத்தார். அண்ணனும் வைத்தான். அப்புறம் அவர் உடம்பு மாறியது. இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்குத் தீராது. மிஷினில் கூன் போட்டு உட்காருகிற அந்த மனுஷனுக்கு முதுகெலும்பு கயிறாகிவிட்டது. இடது கை கீழே அலைந்தது, வலது கை மேலே நின்று பார்த்தது. காலடிச் சத்தமே இல்லை. டிக்கெட் வாங்கித்தான் அவரும் கற்றார். ஆனால் அந்த நிமிஷம் என் முன்னால் இருந்தது திரை இல்லை. பாம்புக்கு என் சுவரில் இன்னும் நாலு கோடு போட்டிருக்கலாமோ என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

அண்ணன் முதல் பாய்ச்சலிலேயே அவர் தோளைப் பிடித்துவிட்டான். சட்டை கிழிந்து கையோடு வந்தது. எங்கள் பக்கம் விசில் பறந்தது. கத்தரி பிடித்த முன்கை அல்லவா. டெய்லர் பின்வாங்கினார், நழுவினார், துணிக் குழாய்க்குப் பின்னால் போய் வேறு பக்கம் வந்தார். அண்ணனுக்குத் தெம்பு ஏறிவிட்டது. இரண்டு கையையும் விரித்தான். சைனாக்காரர் சொன்னதாக நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் செய்தான். வாயைத் திறக்க முடிந்த மட்டும் திறந்து, காடு அதிர உறுமிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

டெய்லரின் உள்ளங்கை பக்கவாட்டில் வந்து மோவாயில் பட்டது. பெரிய அடிகூட இல்லை. தடுக்கத்தான் கையை நீட்டினார்.

அண்ணன் நின்றான். வாய் திறந்தபடியே இருந்தது.

இன்னும் உறுமுகிறான் என்று நினைத்து நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அப்புறம் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. மோவாய் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. "ஆ… ஆ…" என்கிறான், வாய் மூடவில்லை.

முதலில் புரிந்துகொண்டது டெய்லர்தான். "ஏ தம்பி, என்னடே ஆச்சு? வாயை மூடுடே. ஐயோ, மூடுடே!" என்று அவர் அழுதே விட்டார். வேடிக்கை பார்க்க வந்திருந்த பட்டறை மேஸ்திரி வலிப்பு என்று சொல்லி அண்ணன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் மறுகன்னத்தில் ஒன்று விட்டால் சரியாகிவிடும் என்று கையை ஓங்கினார். அந்தக் கையைத் தாண்டி நான் ஓட ஆரம்பித்தேன்.

சைனாக்கார டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் கையைக் கழுவிவிட்டார். சைக்கிள் பின்சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டு அழுத்தினார். வழியில் கேட்டார். "அடி விழறப்ப வாய் தெறந்திருந்துச்சா?"

"ஆமாங்க. உறுமிட்டிருந்துச்சுங்க."

"எதுக்கு உறுமுனான்?"

நான் பின்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

காட்டுக்குள் அவர் வந்ததும் கூட்டம் தானாக விலகியது. பையைத் திறக்கவில்லை. அண்ணனைக் கம்பத்தில் முதுகு படத் தரையில் உட்காரவைத்தார். "கட்டிங் வேஸ்ட் இருந்தா கொண்டாங்க" என்றார். பசங்கள் மூட்டையிலிருந்து அள்ளிவந்தார்கள். வெள்ளைத் துணித் துண்டை இரண்டு கட்டை விரலிலும் தடிமனாகச் சுற்றிக்கொண்டார். டெய்லரைப் பார்த்து, "நீ இவன் தலையைப் புடி. அசையவிடாதே" என்றார். சற்று முன் அடித்த கை, அண்ணன் தலையைத் தாங்கிப் பிடித்தது.

"கண்ணு, என்னையே பாரு. ராத்திரி என்ன சோறு உங்க ஊட்டுல?"

அண்ணன் "ஆ" என்றான்.

இரண்டு கட்டை விரலும் கடைவாய்க்குள் போயின. டாக்டர் முழங்கை அசையவில்லை. தோளிலிருந்து பாரம் இறங்கியது, மெல்ல, தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி. கீழே. இன்னும் கீழே. அப்புறம் பின்னால், ஒரு நெல்மணி அளவு. டக் என்று ஒரு சத்தம். பல்லும் பல்லும் சேர்ந்து கட்டை விரல் துணியைக் கவ்வின. டாக்டர் விரலை உருவினார். அண்ணன் வாய் மூடியிருந்தது.

நான் எத்தனையோ ஆட்டம் பார்த்துவிட்டேன். என் பேரன் இந்தப் பெரிய டிவியில் உலகத்துச் சண்டையெல்லாம் போட்டுக் காட்டுகிறான். புலி, பாம்பு, கொக்கு, குரங்கு, கழுகு எல்லாவற்றுக்கும் என்னிடம் கணக்கு இருக்கிறது. சாய்த்தவர்களுக்குத்தான் கோடு போட்டேன். ஒடிந்து நிற்கிறவனை இவ்வளவு குறைந்த பலத்தில் நிமிர்த்துகிற ஆட்டத்துக்கு என்ன படம் வரைவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அப்போதுதான் அப்பா வந்தார். லுங்கிமேல் கட்டியிருந்த அகலப் பச்சை பெல்ட்டை உருவிக்கொண்டே வந்தார். "எவன்டா உன்னைச் சண்டைக்கு ஏவுனது?"

அண்ணன் மோவாயைப் பிடித்துக்கொண்டு குழறினான். "புலிதான் ஜெயிக்கும்னு டாக்டர் சொன்னாருங்கப்பா. அம்மிணிதான் போய்க் கேட்டுட்டு வந்துச்சு."

அப்பா என் பக்கம் திரும்பினார். பெல்ட்டை ஒரு சுற்றுக் கையில் சுற்றினார். "ஏ புள்ள. அவரு சொன்னாரா, சொல்லலையா?"

நான் அந்தப் பெல்ட்டையே பார்த்தேன். டாக்டர் என்னைப் பார்த்தார். எதற்கு உறுமினான் என்று வழியில் கேட்டதற்கு அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கட்டை விரலில் இருந்த துணியை நிதானமாகப் பிரித்துக்கொண்டே, "சொன்னேனுங்க" என்றார். "வெளையாட்டுக்குக் கேக்குதுன்னு நெனச்சுச் சொல்லிட்டேனுங்க. தப்புத்தான்."

அப்பா அவரைச் சொன்ன சொற்களை நான் எழுதமாட்டேன். கூட இருந்த நீங்களும் சொன்னீர்கள். நம் சோற்றைத் தின்றுகொண்டு நம் பிள்ளைகளை மோதவிடுகிறான் என்றீர்கள். ஒருத்தர்கூட, இப்போதுதானே இந்த மனுஷன் அந்தப் பையன் வாயை மூடவைத்தார் என்று நினைக்கவில்லை. போகும்போது அண்ணனிடம் மட்டும், "பத்து நாளைக்குக் கஞ்சி. கொட்டாவி வந்தா மோவாயைக் கையில தாங்கிக்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

யாரோ ஸ்டேஷனில் மனு கொடுத்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், அவர் இப்போது இல்லை. டாக்டரைக் கூப்பிட்டு நாள் முழுக்க பெஞ்சில் உட்காரவைத்து அனுப்பினார்கள் என்று அத்தை சொன்னாள். யாரோ கண்ணாடிப் பெட்டியில் கல் விட்டார்கள். பல் வலிக்காரர்கள் அவினாசிக்குப் பஸ் ஏறினார்கள். மழைக்காலத்துக்கு முன்பே அவர் கடையைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டு நான் ஓடினேன்.

பல்செட்டுகளை ஒவ்வொன்றாக நியூஸ் பேப்பரில் சுற்றி மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் இருக்கிற ஊருக்குப் போகிறாராம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் போய் அப்பாகிட்டச் சொல்லீர்றேனுங்க. நீங்க போவேண்டாமுங்க."

"இப்பச் சொல்லி என்ன ஆகுது கண்ணு? லாரி பேசியாச்சு."

"ஏனுங்க அப்பிடிச் சொன்னீங்க? தெரியாததைச் சொல்லப்படாதுன்னீங்களே!"

அவர் கையில் இருந்த பல்செட்டை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தார். ஆஸ்பத்திரிக்காரர் தோரணையில் என் மோவாயை ஒரு விரலால் தூக்கி, உதட்டைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார்.

"உங்கப்பன் பெல்ட்டு பக்கிளு இரும்பு" என்றார். "உனக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்து மொளைச்சது. மறுக்கா மொளைக்காது."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் போய் அடுத்த பல்செட்டைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தார்.

இதுதான் நடந்தது. இனிமேல் டீக்கடையில் அந்தப் பேச்சு வந்தால், புலி என்று சைனாக்காரர் சொன்னதாகச் சொல்லாதீர்கள். அவர் தெரியாது என்றார். சொன்னது நான்.